முடிவு புரியாத படத்தை எப்படிப் பார்ப்பது

படம் முடிந்ததும் யூடியூபில் விளக்கம் தேடாதீர்கள். ஆரம்பக் காட்சிகளை மறுபடி ஓட்டுங்கள்; கனவு மாதிரியான படங்கள் பாதி விடையை அங்கேதான் வைத்திருக்கும்.

'நண்பகல் நேரத்து மயக்கம்' என்ற மலையாளப் படத்தையே எடுத்துக்கொள்வோம். வேளாங்கண்ணியிலிருந்து திரும்பும் ஜேம்ஸ் (மம்மூட்டி) வழியில் பஸ்ஸை நிறுத்தி இறங்கி, முன்பின் தெரியாத தமிழ்க் கிராமத்தில், அங்கிருந்து காணாமல் போன சுந்தரம் என்பவராகவே நடமாடுகிறார். கடைசியில் ஒரு மதியத் தூக்கம், எழுந்தால் பழைய ஜேம்ஸ். "ஆவி புகுந்ததா, கனவாண்ணா?" என்று காவேரிப்பட்டினம் மாங்கூழ் ஆலையில் என்னோடு நைட் ஷிப்ட் பார்க்கும் தம்பி டீ ஆறும்வரை கேட்டான். தொடக்கத்தில் லாட்ஜில் வரும் குறளைக் கவனிக்கச் சொன்னேன். சாவு உறங்குவது போல, பிறப்பு விழிப்பது போல.

அப்புறம் சத்தத்தை மட்டும் கேளுங்கள். ஊர் முழுக்கப் பழைய தமிழ்ப்பட வசனம் ஓடிக்கொண்டே இருக்கும். யார் பேச்சு யார் வாயில் என்ற சந்தேகத்தை அதுவே கிளப்பிவிடும்.

'எல்லாம் கனவு' என்று மூட்டை கட்டுவது சோம்பேறித்தனம். எந்தக் காட்சியையும் தூக்கி எறியாமல் நிற்கிறதா உங்கள் விடை? நான் ஜேம்ஸை விட்டுவிட்டு சுந்தரத்தின் வீட்டாரைப் பார்ப்பேன். காணாமல் போனவன் இரண்டாம் முறையும் போகிறான். அவர்களுக்கு அது கனவில்லை. தம்பி இன்னும் ஆவி என்றுதான் சாதிக்கிறான். சரி, அதற்கும் படத்தில் இடமிருக்கிறது.