சிறுநீரில் ஓப்பியேட் சோதனை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓப்பியேட் என்பது மார்பின், கோடீன், ஹெராயின் போன்ற அபின் வகை மருந்து. அதைச் சிறுநீரில் தேடும் சோதனைப் பட்டையான ஸ்ட்ரிப்பின் முடிவைத் தலைகீழாக வாசிப்பதுதான் முதல் தவறு. கர்ப்பப் பரிசோதனையில் இரண்டு கோடு வந்தால் பாசிட்டிவ். இங்கே இரண்டு கோடு வந்தால் நெகட்டிவ். சிறுநீரில் மருந்து இருந்தால் ஸ்ட்ரிப்பில் உள்ள ஆன்டிபாடியை அதுவே பிடித்துக்கொள்ளும், 'டி' (சோதனை) கோட்டில் ஒட்ட எதுவும் மிஞ்சாது. அதனால் 'டி' கோடு மங்கலாகத் தெரிந்தாலும் நெகட்டிவ்தான். 'லேசான பாசிட்டிவ்' என்று எழுதிவிடாதீர்கள். ஸ்ட்ரிப் சரியாக வேலை செய்ததா என்று காட்டும் 'சி' கோடு வராவிட்டால் அது செல்லாது, புதிதாக ஒன்று போடவேண்டும். கிட்டில் சொன்ன நேரம் கடந்தபின் பார்த்துப் பயனில்லை.

அடுத்தது கட்-ஆஃப், அதாவது எந்த அளவிலிருந்து பாசிட்டிவ் என்று கொள்வது என்ற எல்லை. மில்லிலிட்டருக்கு 300 நானோகிராம், 2000 நானோகிராம் என்று இரண்டு வகை ஸ்ட்ரிப்புகள் கிடைக்கின்றன. கசகசா விதையின் மேல் ஒட்டியிருக்கும் பாலில் மார்பினும் கோடீனும் உண்டு. முந்தின நாள் கசகசா பாயசம் குடித்தவர் 300-இல் மாட்டிக்கொள்ளலாம். அமெரிக்காவில் அரசுப் பணியாளர் சோதனைக்கு 1998-இல் கட்-ஆஃபை 2000-க்கு உயர்த்தியதே இதனால்தான். ரிப்போர்ட்டில் கட்-ஆஃப் எண் இல்லையென்றால் 'பாசிட்டிவ்' என்ற சொல்லுக்கு மதிப்பில்லை.

ஸ்ட்ரிப் காட்டுவது ஒரு வகையை மட்டுமே, மருந்தின் பெயரை அல்ல. கோடீன் கலந்த இருமல் சிரப் உடலில் ஓரளவு மார்பினாக மாறும். கடைசிக் கட்டத்தில் மார்பின் மட்டும் தெரியவும் கூடும். லெவோஃப்ளாக்சசின், ஓஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகளும் சில கிட்களில் பொய்யான பாசிட்டிவ் தரும். ஆகவே சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பாசிட்டிவ் வந்ததை மருந்தைப் பெயரோடு அடையாளம் காட்டும் ஜிசி-எம்எஸ் அல்லது எல்சி-எம்எஸ்/எம்எஸ் ஆய்வகக் கருவியில் உறுதி செய்யாமல் வழக்குக்கு அனுப்பாதீர்கள்.

மறுபக்கமும் உண்டு. இதே போல வேலை செய்யும் பிற மருந்துகளான டாபென்டடால், டிராமடால், ஃபென்டனில், மெத்தடோன், பியூப்ரெனார்ஃபின் எதையும் ஓப்பியேட் ஸ்ட்ரிப் பிடிக்காது. அவற்றுக்குத் தனி ஸ்ட்ரிப் வேண்டும். நெகட்டிவ் வந்தால் 'போதைப்பொருள் இல்லை' என்று எழுதுவது பெரும்பிழை.

ஆய்வகத்துக்குள் நடக்கும் தவறுதான் திருத்தவே முடியாதது. ஹெராயின் எடுத்ததற்குச் சிறந்த சான்று, அது உடலில் மார்பினாக மாறும் வழியில் உண்டாகும் 6-அசிட்டைல்மார்பின். கசகசாவோ கோடீனோ இதைத் தராது. சிறுநீரில் மார்பின் பெரும்பாலும் குளுக்குரோனைடாக, அதாவது உடல் அதோடு சேர்த்த சர்க்கரை வகை அமிலத்தோடு கட்டுண்டு இருப்பதால் அதைப் பிரிக்கவேண்டும். அவசரத்துக்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றிச் சூடாக்கினால் 6-அசிட்டைல்மார்பினும் மார்பினாகிவிடும்: சான்றை நாமே அழித்ததாகும். பீட்டா-குளுக்குரோனிடேஸ் நொதியால் பிரிப்பது நல்லது. 6-அசிட்டைல்மார்பினுக்கு மட்டும் இப்படிப் பிரிக்காத தனிப் பங்கு எடுத்து வையுங்கள், இதன் கட்-ஆஃப் மில்லிலிட்டருக்கு 10 நானோகிராம். இது பெரும்பாலும் ஒரு நாளுக்குள் மறைந்துவிடும், மார்பின் இரண்டு மூன்று நாள் தங்கும். 6-அசிட்டைல்மார்பின் இல்லாதது கண்டு ஹெராயினே எடுக்கவில்லை என்று முடிவுகட்ட முடியாது.

சிறுநீரைச் சேகரிக்கும்போது நான்கு நிமிடத்துக்குள் அதன் வெப்பம் பார்க்கவேண்டும். 32 முதல் 38 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கணும். சிறுநீரில் இயல்பாக இருக்கும் கழிவான கிரியேட்டினின் டெசிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே போனால் நீர் கலந்ததோ, நிறையத் தண்ணீர் குடித்ததோ என்று சந்தேகப்படலாம். மாதிரியை 30, 15 மில்லி என இரண்டு பாட்டிலாக்கி, கொடுத்தவர் முன்னாலேயே சீல் வைத்தால் பின்னால் மறுசோதனைக்கு வழியிருக்கும்.

இரத்தம் என்றால் சோடியம் ஃபுளூரைடு உள்ள சாம்பல் மூடிக் குழாய். இல்லாவிட்டால் 6-அசிட்டைல்மார்பின் குழாயிலேயே சிதைந்துபோகும். பிரேதப் பரிசோதனையில் இதய இரத்தத்தை விடுத்துத் தொடைச் சிரை இரத்தம் எடுங்கள், இறந்தபின் உறுப்புகளிலிருந்து மருந்து கசிந்து இதயப் பகுதியில் அளவைக் கூட்டிவிடும்.