டெக்ஸ்ட் இன்ஸ்டாலரில் என்டரைத் தட்டும் முன்

திருப்பூரில் ஏதோ ஒரு பனியன் கம்பெனி ஆபீஸ் மூலையில் ஒதுக்கிப்போட்ட கம்ப்யூட்டரோ, ஈரோட்டு ஜவுளிக்கடையில் பில் போட்டுப் போட்டே ஓய்ந்த கம்ப்யூட்டரோ, எதுவானாலும் சரி, டெபியன் என்ற லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் போட்டால் இன்னும் நாலு வருசம் ஓடும் என்று பென்டிரைவோடு உட்காருகிறவர்களுக்குத்தான் இது. அதை ஏற்றும் டெக்ஸ்ட் இன்ஸ்டாலர் இப்படித்தான் இருக்கும்: நீலத் திரை, நடுவில் சாம்பல் பெட்டி, மௌஸ் வேலை செய்யாது. அந்தத் திரையைப் பார்த்ததும் கை தானாக என்டருக்குப் போகும். பாதித் தவறு அங்கேயே ஆரம்பம்.

மொழிப் பட்டியலில் தமிழைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாங்க. டெக்ஸ்ட் முறையில் தமிழ் எழுத்தைக் காட்ட முடியாததால் அது கிராஃபிக்கல் இன்ஸ்டாலரில் மட்டும்தான் இருக்கும். ஆங்கிலத்தை எடுத்துக்கொண்டு, நாட்டுப் பட்டியல் வந்தால் இந்தியாவுக்கு ஆங்கில 'ஐ' (I) எழுத்தைத் தட்டுங்கள், அந்த எழுத்தில் தொடங்கும் நாடுகளுக்கு நேராகப் போய்விடும். பட்டியலுக்குள் ஏறி இறங்க ஆரோ கீ, பட்டியலை விட்டுக் கீழே பட்டனுக்கு வர டேப்.

டிக் போடும் பக்கங்களில் ஒரு வரியின் மேல் கர்சர் நிற்பது வேறு, அந்த வரி தேர்வாகியிருப்பது வேறு. தேர்வு செய்ய ஸ்பேஸ்பார், அங்கே என்டர் என்றால் 'முடிந்தது, அடுத்த பக்கம் போ' என்று அர்த்தம். கடைசியில் சாஃப்ட்வேர் தேர்வுப் பக்கத்தில் எஸ்எஸ்எச் சர்வர் (வேறு கம்ப்யூட்டரிலிருந்து நெட்வொர்க் வழியாக உள்ளே வர உதவுவது) என்ற வரிக்குக் கர்சரைக் கொண்டுபோய் என்டர் தட்டுகிறவர்கள் ஏராளம். எஸ்எஸ்எச் வராது, ஏற்கனவே டிக் ஆகியிருக்கும் டெஸ்க்டாப் மட்டும் முழுசாக இறங்கும், மெதுவான நெட்டில் அது இறங்கி முடிக்கிற வரைக்கும் காத்துக்கிடக்க வேண்டியதுதான். நட்சத்திரக் குறி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நகருங்கள். தவறிவிட்டாலும் பதற வேண்டாம், பிறகு டாஸ்க்செல் கமாண்டில் சேர்த்துக்கொள்ளலாம். இத்தனைக்கும் எந்த கீ எதற்கு என்று திரையின் கடைசி வரியிலேயே எழுதியிருக்கும், யார் படிக்கிறார்கள்?

இன்னொன்று, திரை அசையாமல் நிற்கிறதே என்று என்டரை டக் டக்கென்று தட்டாதீர்கள். தட்டியதெல்லாம் வரிசையில் நின்று, அடுத்து வரும் பக்கத்துக்கு நீங்கள் பார்க்கும் முன்னே பதிலாகப் போய்விடலாம்.

கீபோர்டுக்கு அமெரிக்கன் இங்கிலீஷ் எடுங்கள். நம்மூரில் எழுதுவது பிரிட்டிஷ் இங்கிலீஷ்தானே என்று அதை எடுத்தால் ஷிப்ட் 2 தட்டும்போது அட் குறிக்குப் பதில் இரட்டை மேற்கோள் விழும். பாஸ்வேர்டு நட்சத்திரமாகத்தான் தெரியும் என்பதால் கண்டுபிடிக்க வழியில்லை. அந்தக் கம்ப்யூட்டரில் லாகின் ஆகும், வேறொரு லேப்டாப்பிலிருந்து எஸ்எஸ்எச்சில் வந்தால் ஆகாது. பாஸ்வேர்டைக் காட்டு என்ற கட்டம் அங்கேயே இருக்கிறது, ஸ்பேஸ்பாரில் டிக் போட்டுச் சரிபாருங்கள்.

ரூட் (எல்லா அதிகாரமும் உள்ள அட்மின் கணக்கு) பாஸ்வேர்டைக் கேட்டால் காலியாக விட்டு நகர்வதே வீட்டு, கடைக் கம்ப்யூட்டருக்கு வசதி, அப்போதுதான் உங்கள் யூசருக்கு சூடோ (அட்மின் வேலைகளைச் செய்ய உதவும் கமாண்ட்) அனுமதி தானாகக் கிடைக்கும். அங்கே பாஸ்வேர்டு கொடுத்துவிட்டு, பிறகு சூடோ வேலை செய்யவில்லை என்று புலம்புவதில் அர்த்தமில்லை.

அப்புறம் டிஸ்க் பக்கம். மற்றதையெல்லாம் திருத்தலாம், இதைத் திருத்த முடியாது. டிஸ்க்குக்கு எஸ்டிஏ (sda) என்று பெயர் வந்தால் அது ஹார்ட் டிஸ்க்காகத்தான் இருக்கும் என்று நினைக்காதீர்கள், சில கம்ப்யூட்டரில் பென்டிரைவே அந்தப் பெயரில் வரும். பெயரை விட்டு அளவைப் பாருங்கள். 500 ஜிபி டிஸ்க் இங்கே 500.1 ஜிபி என்று தெரியும். விண்டோஸில் 465 என்று பார்த்துப் பழகியவர்கள் இது வேறு டிஸ்க்கோ என்று குழம்ப வேண்டாம், கணக்கிடும் முறைதான் வேறு. சாதாரணமாகப் பிரித்தால், மாற்றங்களை டிஸ்க்கில் எழுதட்டுமா என்று கேட்கும் பக்கம் வரை எதுவும் எழுதப்படாது, அதுவரை கோ பேக் கொடுத்துத் தப்பிக்கலாம். ஆனால் விண்டோஸ் பார்ட்டிஷனைச் சுருக்கினாலோ எல்விஎம் (பார்ட்டிஷன் அளவைப் பிறகு மாற்றிக்கொள்ள உதவும் முறை) எடுத்தாலோ அந்தக் கேள்வி முன்னாலேயே வந்துவிடும், அங்கே யெஸ் சொன்னால் அப்போதே எழுதிவிடும். கேள்வியில் கர்சர் நோ மேல்தான் நிற்கும். அக்கட்டால யெஸ்ஸுக்குத் தள்ளும் முன் எந்த டிஸ்க், எந்த பார்ட்டிஷன் என்று மேலே எழுதியிருப்பதை முழுசாகப் படியுங்கள். கடையின் பழைய பில் கணக்கு அந்த டிஸ்க்கில் இருந்தால், வேறு பென்டிரைவில் காப்பி எடுக்காமல் இந்தப் பக்கத்துக்கே வராதீர்கள். மின்வாரியம் பராமரிப்புக்கு கரண்ட் நிறுத்தும் நாளிலும் யூபிஎஸ் இல்லாமல் ஆரம்பிக்க வேண்டாம்.

நடுவில் நின்றுபோன மாதிரி இருந்தால் பவர் பட்டனை அமுக்காமல் ஆல்ட் எஃப்4 தட்டுங்கள், உள்ளே என்ன நடக்கிறது என்று லாக் ஓடும். திரும்பி வர ஆல்ட் எஃப்1. லேப்டாப்பில் வெளிச்சம் கூடிக்குறைந்தால் எஃப்என் கீயையும் சேர்த்து அமுக்குங்கள்.

பழைய பயாஸ் கம்ப்யூட்டர் என்றால் கம்ப்யூட்டரை பூட் செய்யும் கிரப் புரோகிராமை எந்த டிஸ்க்கில் போடுவது என்று கேட்கும். பென்டிரைவைக் காட்டிவிட்டால் அதைச் செருகினால்தான் கம்ப்யூட்டர் பூட் ஆகும், ஆகவே இங்கும் அளவைப் பார்த்தே ஹார்ட் டிஸ்க்கை எடுங்கள். முடிந்தது என்று செய்தி வந்ததும், ரீஸ்டார்ட் ஆவதற்குள் பென்டிரைவை உருவிவிடுங்கள், இல்லையென்றால் மறுபடி அதே மொழிப் பட்டியல்தான் வந்து நிற்கும்.