வாய் திறக்காத கேள்விக்கு ‘க்விஸிக்கலி’

இங்கிலீஷில் கதை எழுதப் பழகும் நம் பிள்ளைகள், யாராவது புரியாமல் பார்த்தால் உடனே ‘க்யூரியஸ்லி’ என்று போட்டுவிடுகிறார்கள். அதில் தெரிந்துகொள்ளும் ஆசை மட்டும்தான் இருக்கிறது. ‘இது என்னடா கூத்து’ என்ற குழப்பமும் உதட்டோரச் சிரிப்பும் கலந்த பார்வைக்கு க்விஸிக்கலி என்ற அட்வெர்ப் (வினை எப்படி நடந்தது என்று சொல்லும் வினையடை) பொருத்தம்.

முதலில் காட்சியைப் பிடியுங்கள். புளியரை வழியாகக் கேரளா போகும் வைக்கோல் லாரியை நம்ம பக்கத்தில் பார்க்காதவர் உண்டா? எல்லை தாண்டியதும் கேரளப் பக்கத்து ஆரியங்காவில் லாரியை நிறுத்துகிறார்கள். “வைக்கோல் மட்டும்தான் சார்” என்கிறார் டிரைவர். சொல்லி வாயை மூடவில்லை, கட்டுக்குள்ளிருந்து சேவல் கூவுகிறது. போலீஸ்காரர் ஒன்றும் கேட்கவில்லை. ஒற்றைப் புருவத்தைத் தூக்கி டிரைவரைப் பார்க்கிறார். இப்போது எழுதுங்கள்:

தி போலீஸ்மேன் லுக்ட் அட் தி டிரைவர் க்விஸிக்கலி.

அடுத்தது, சொல் உட்காரும் இடம். மேலே உள்ளதை ‘லுக்ட் க்விஸிக்கலி அட் தி டிரைவர்’ என்று மாற்றினாலும் சரியே. நடுவில் ‘அட்’ இருப்பதால் இடம் கிடைக்கிறது. புருவத்தை எழுதும்போது அந்தச் சலுகை இல்லை. ‘ஹி ரெய்ஸ்ட் அன் ஐப்ரோ க்விஸிக்கலி’ சரி. ‘ஹி ரெய்ஸ்ட் க்விஸிக்கலி அன் ஐப்ரோ’ உறுத்தும். வினைக்கும் அதன் செயப்படுபொருளுக்கும் இடையில் அட்வெர்ப்பை நுழைக்காதீர்கள். தமிழில் சொற்களை இடம் மாற்றிப் போட்டே பழகிவிட்டோம், அதனால்தான் கை தானாக அங்கே போகிறது.

லுக், க்ளான்ஸ், ஸ்மைல் ஆகியவற்றோடு இது இயல்பாகச் சேரும். ‘ஆஸ்க்ட் க்விஸிக்கலி’ இலக்கணப்படி தப்பில்லை, ஆனால் எனக்குப் பிடிக்காது. அதே போலீஸ்காரர் “எந்தா அண்ணாச்சி, வைக்கோலு கூவுமோ?” என்று வாய்விட்டே கேட்டுவிட்டால் குழப்பம், கிண்டல் எல்லாம் அந்தக் கேள்வியிலேயே வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அட்வெர்ப்புக்கு என்ன வேலை? ‘ஹி ஆஸ்க்ட்’ போதும்.

வாக்கியத்தின் தலையில் வைப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. ‘க்யூரியஸ்லி, தேர் வாஸ் எ ரூஸ்டர் இன் தி ஹே’ என்று கமா போட்டு எழுதினால், வைக்கோலுக்குள் சேவல் இருந்ததே விசித்திரம் என்று எழுதுகிறவர் சொல்வதாக ஆகும். அங்கே க்விஸிக்கலியைப் போட முடியாது. அதற்குப் பார்க்க ஒரு முகம் வேண்டும். வைக்கோல் யாரைப் பார்க்கும்?

ஸ்பெல்லிங்கில் இஸட் இரண்டு, எல் இரண்டு. ‘எ க்விஸிக்கல் லுக்’ என்று பெயர்ச்சொல்லோடு சேர்த்தால் கடைசி எல்லும் ஒய்யும் போய்விடும்.

இனி நீங்களே ஒன்று எழுதிப் பாருங்கள். 1904-இல் திறந்த செங்கோட்டை – கொல்லம் பாதையில் ரயில் போகிறது. கழுதுருட்டிப் பக்கம் பதிமூன்று கண் பாலம் வந்ததும் எல்லோரும் ஜன்னலுக்கு ஓடுகிறார்கள். ஒரு பெரியவர் மட்டும் கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறார். எதிர் சீட்டுச் சிறுமி அவரையே பார்க்கிறாள். முதலில் அட்வெர்ப் இல்லாமல் எழுதுங்கள்: தலையைச் சாய்த்தாளா, புருவத்தைச் சுருக்கினாளா? அது போதவில்லை என்று பட்டால் மட்டும் க்விஸிக்கலியைச் சேருங்கள். ஒரே பக்கத்தில் இரண்டு தடவை வந்திருந்தால் ஒன்றை அடித்துவிடுங்கள்.