ஆம்புலன்ஸ் ஊழியரைப் பழிவாங்கும் திரில்லர்: எங்கே சறுக்குகிறோம்?

உயிர் காக்க வந்த ஊழியரையே பழிவாங்கத் துடிக்கும் ஒருவன். தொலைக்காட்சித் தொடருக்கு அருமையான கரு. ஆனால் அந்த ஊழியரைக் குடிகாரராகவோ லஞ்சப் பேர்வழியாகவோ காட்டிவிட்டால் கதை முதல் எபிசோடிலேயே படுத்துவிடும். நியாயம் ஒரு பக்கமாகச் சாய்ந்த பிறகு பதற்றம் எங்கிருந்து வரும்?

அவர் சரியாகவே நடந்துகொண்டிருக்கட்டும். பஸ் கவிழ்ந்து இருபது பேர் கிடக்கிறார்கள். வந்திருப்பது ஒரே வண்டி. யாரை முதலில் கவனிப்பது என்று பிரிக்கும் வேலைக்கு ட்ரையாஜ் என்று பெயர். 1983-ல் கலிஃபோர்னியாவில் உருவான ஸ்டார்ட் முறையில் ஓர் ஆளுக்கு ஒரு நிமிடம்கூடக் கிடையாது. நிமிடத்துக்கு 30 தடவைக்கு மேல் மூச்சு வாங்கினால் சிவப்பு அட்டை, அதாவது உடனே கவனிக்க வேண்டியவர். மூச்சே இல்லையென்றால் மூச்சுப்பாதையைத் திறந்து பார்ப்பார்கள். அப்போதும் வராவிட்டால் கறுப்பு அட்டை, அதாவது இறந்தவர் கணக்கு; உடனே அடுத்த ஆள். இதை, கறுப்பு அட்டை விழுந்த ஓர் இளைஞனின் அப்பாவுடைய கண்ணால் பாருங்கள்: மகனின் கையில் எதையோ கட்டிவிட்டு, அந்த ஊழியர் அலறிக்கொண்டிருந்த வேறொருவரிடம் ஓடிவிட்டார். மகனின் உடம்பு இன்னும் சூடாக இருக்கிறது. அந்தக் கோபம் தொடர் முழுக்கத் தாங்கும்.

திரையில் வரும் மருத்துவப் பிழைகளில் எனக்கு மிகவும் வலிப்பது, மானிட்டரில் நேர்கோடு ஓடும்போது ஷாக் கொடுப்பது. இதயம் தாறுமாறாகத் துடிக்கும்போது அதை அடக்கத்தான் ஷாக். நேர்கோடு என்றால் நெஞ்சை அழுத்துவதும் அட்ரினலினும்தான். அழுத்துவதும் முழங்கையை மடக்கிச் செய்கிற வேலை இல்லை. கை நேராக, 5 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. விலா எலும்பு முறிவதும் உண்டு. இரண்டு நிமிடத்தில் ஆள் மாறியே ஆக வேண்டும், அவ்வளவு களைப்பு. நடிகருக்கு வியர்க்கவில்லையென்றால் பார்ப்பவர் நம்பமாட்டார்.

அப்புறம் அந்தப் பொய் அழைப்பு. வில்லன் போன் செய்கிறான், அவன் தேடும் ஆளே தனியாக வந்து நிற்கிறார்! பொதுவாக அருகில் காலியாக இருக்கும் வண்டியைத்தான் அனுப்புவார்கள்; அதில் இருவராவது இருப்பார்கள். இடம் பாதுகாப்பாகத் தெரியாவிட்டால் போலீஸ் வரும்வரை தள்ளியே நிற்பார்கள். சரி, இதையே கதையாக்குங்கள். அவருடைய ஷிஃப்ட் நேரத்தை வில்லன் தெரிந்துகொள்ளட்டும். பக்கத்து வண்டியை வேறு திசைக்கு அலையவிடட்டும். சந்தேகமே வராத ஒரு வீட்டு வாசலில் விளக்கைப் போட்டுவிட்டுக் காத்திருக்கட்டும்.