ஒதுக்கப்பட்ட ஏரியாவை நடந்தே படிப்பது எப்படி?

கேமராவை முதலில் பைக்குள் போடுங்கள். பெருநகரத்தில் யாரும் கண்டுகொள்ளாத ஏரியாவுக்குப் போகிறவர்கள் எல்லாரும் விரிசல் விட்ட சுவரையும் கொடியில் காயும் துணியையும்தான் படம் பிடிக்கிறார்கள் (நானும் பிடித்திருக்கிறேன்). அதில் ஒன்றும் தெரியாது. தரையைப் பாருங்கள்.

வாசற்படியில் ஆரம்பியுங்கள். தெருவை விட வீடு தாழ்ந்திருக்கிறதா? பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுசு போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்திருக்கும், வீடு மட்டும் இருந்த இடத்திலேயே நிற்கும். வாசலுக்குக் குறுக்கே ஒரு வரிசை செங்கல், அதன் மேல் வேறு நிறத்தில் சிமெண்ட் பூச்சு, அதற்கும் மேல் இன்னொரு வரிசை என்று இருந்தால், தண்ணீர் எத்தனை தடவை உள்ளே வந்தது என்று யாரையும் கேட்க வேண்டாம், எண்ணிவிடலாம்.

அப்புறம் அண்ணாந்து பாருங்கள். மொட்டை மாடியில் துருப்பிடித்த கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தால் பாதியில் விட்ட வேலை என்று முடிவு கட்டாதீர்கள், காசு சேரச் சேர அடுத்த மாடி ஏறும். சிலியின் இக்கீக்கே நகரில் 2004-ல் கட்டிடக் கலைஞர் அலெஹாந்த்ரோ அரவேனாவின் எலெமென்டல் குழு இதையே திட்டமாக்கியது: சமையலறை, குளியலறை, படிக்கட்டு என்று ஒரு குடும்பம் தானாகக் கட்டச் சிரமப்படும் பாதியை மட்டும் கட்டிக் கொடுத்து, மீதிக்கு இடம் விட்டது.

மாடிக் குடியிருப்பு என்றால் நேராக லிஃப்டுக்குப் போங்கள். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் 1950-களில் எழுந்த புரூட்-ஐகோ என்ற அரசு வாடகைக் குடியிருப்பில் 33 கட்டிடங்கள், ஒவ்வொன்றும் 11 மாடி, ஆனால் லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது. 1972-ல் இடிக்க ஆரம்பித்தபோது பழி முழுக்கக் கட்டிட வடிவமைப்பின் மேல் விழுந்தது. பராமரிப்புச் செலவை வாடகையிலிருந்தே எடுக்க வேண்டியிருந்தது, ஆட்கள் காலி செய்யச் செய்ய அந்தப் பணமும் வற்றியது. அதைப் பேசியவர்கள் குறைவு. அதனால் லிஃப்ட் ஓடுகிறதா என்பதோடு நிறுத்தாமல், பழுதானால் யார் காசில் சரி செய்கிறார்கள் என்றும் விசாரியுங்கள்.

பெஞ்ச், நிழல், பொதுக் கழிப்பறைக்கு ஒரு நோட்டம் போதும். பெஞ்சுக்கு நடுவில் இரும்புத் தடுப்பு இருந்தால் பெரும்பாலும் யாரும் படுத்துவிடக் கூடாது என்றுதான் வைத்திருப்பார்கள்.

கடைசியாகப் பேச்சு. "இங்கே என்ன குறை?" என்று கேட்காதீர்கள், மனு எழுத வந்த ஆள் என்று நினைப்பார்கள். "வீட்டில் கடைசியாக எதை மாற்றிக் கட்டினீர்கள்?" என்று கேட்டால் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்க் காட்டுவார்கள். படம் வேண்டுமென்றால் அப்போது கேட்டுவிட்டு எடுங்கள்.