மயோர்க்காவின் கடலோர மலைச்சாலையில் சைக்கிள் ஓட்டுபவர்கள் செய்யும் தவறுகள்

பொயென்சா துறைமுகத்திலிருந்து சா கலோப்ரா என்ற கடலோர ஊர் சுமார் 48 கிலோமீட்டர். போய்வர 96 வரும். சமதளத்தில் வாரம் தவறாமல் நூறு கிலோமீட்டர் ஓட்டுபவர் இதைப் பார்த்து, மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போடுகிறார். சாயங்காலம் நாலு மணிக்கும் அவர் மலையில்தான் இருப்பார். ஸ்பெயினின் மயோர்க்கா தீவில், வடமேற்குக் கரையை ஒட்டி திரமுந்தானா மலைத்தொடர் நேரே கடலில் இறங்குகிறது. 2011இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த நிலம் இது. இங்கே சாலையின் நீளத்தைவிட அது ஏறும் உயரம்தான் அன்றைய பயணத்தை நிர்ணயிக்கிறது. மேலே சொன்ன பயணத்தில் மொத்த ஏற்றம் 2000 மீட்டரைத் தாண்டும். ஆகவே கிலோமீட்டரை ஓரமாக வைத்துவிட்டு, மணிக்கு எத்தனை மீட்டர் உயரம் ஏற முடியும் என்று பாருங்கள். ஓரளவு பயிற்சி உள்ளவருக்கு 600 மீட்டர் நியாயமான கணக்கு. 2000 மீட்டருக்கு அதுவே மூன்று மணி இருபது நிமிடம். இறக்கம், சமதளம், காபி எல்லாம் அதற்கு மேல்.

சா கலோப்ராவை ஊர்ப் பெயராக மட்டும் பார்ப்பது அடுத்த பிழை. அதற்குப் போக ஒரே சாலைதான். அதுவும் மேலேயிருந்து கீழே போகும் சாலை. 682 மீட்டர் உயரத்தில் உள்ள கோல் தெல்ஸ் ரெய்ஸ் கணவாயிலிருந்து கடல் மட்டம்வரை ஒன்பதரை கிலோமீட்டர் இறங்கி, அதே வழியில் ஏறி வர வேண்டும். சராசரிச் சரிவு 7 சதவீதம், கொண்டை ஊசி வளைவுகள் 26. பொறியாளர் அந்தோனியோ பரியெத்தி 1930களின் தொடக்கத்தில் இதை அமைத்தபோது ஓரிடத்தில் சாலையை 270 பாகை சுற்றவிட்டு, அதன் அடியிலேயே நுழைத்தார். கழுத்துப்பட்டை முடிச்சு என்றே அந்த வளைவுக்குப் பெயர். படம் எடுக்க அருமையான இடம். ஆனால் கீழே இறங்கியபின் கால் வலிக்கிறது என்றால் மாற்றுச் சாலை கிடையாது. சோயர் துறைமுகத்துக்குப் படகு உண்டு. கடல் கொந்தளித்தால் அது ஓடாது. சைக்கிளை ஏற்றுவார்களா என்பதையும் முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும். கணவாயில் நிற்கும்போதே உடம்பு சரியில்லை என்று தோன்றினால் அங்கேயே திரும்பிவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

போகும் நேரமும் முக்கியம். காலை பத்து, பதினொன்று மணிவாக்கில் சுற்றுலாப் பேருந்துகள் வரிசையாக வரத் தொடங்கும். சாலையில் ஓரிடத்தில் இரு பாறைச் சுவர்களுக்கு நடுவே பேருந்து ஒன்றுதான் நுழைய முடியும். கொண்டை ஊசியில் அது திரும்பும்போது எதிர்ப்பாதையையும் சேர்த்தே பிடித்துக்கொள்ளும். அதற்குள் நீங்கள் ஏறி முடித்திருக்க வேண்டுமானால், ஒன்பது மணிக்கு முன்பே கணவாயில் இருக்க வேண்டும். பொயென்சாவில் தங்கியிருந்தால் விடிந்ததும் கிளம்புவது என்று அர்த்தம்.

கியர் விஷயத்தில் வீம்பு வேண்டாம்

வாடகைக் கடையில், பின்சக்கரத்தின் பெரிய பல்சக்கரத்தைக் குறித்து, 'எனக்கு 28 பல் போதும்' என்று சொல்லும் குரலை அடிக்கடி கேட்கலாம். போதுமா என்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஓட்டுபவர், சைக்கிள், தண்ணீர் எல்லாம் சேர்த்து 85 கிலோ என்று வையுங்கள். முன்னால், மிதியோடு சுழலும் பல்சக்கரத்தில் (செயின்ரிங்) 34 பல், பின்னால் 28. நிமிடத்துக்கு 70 மிதி மிதித்தால் வேகம் மணிக்கு 10.7 கிலோமீட்டர். 7 சதவீத ஏற்றத்தில் அதற்கு சுமார் 195 வாட் வேண்டும், அதுவும் விடாமல் 53 நிமிடம். பின்னால் 34 பல் இருந்தால் அதே 70 மிதியில் 8.8 கிலோமீட்டர், சுமார் 160 வாட், 65 நிமிடம். நேரத்தில் வித்தியாசம் வெறும் 12 நிமிடம்தான். 195 வாட்டைத் தாங்க முடியாதவர் 28 பல்லில் என்ன செய்வார்? மிதிப்பு 55க்கு இறங்கும், ஒவ்வொரு மிதியையும் இடுப்பால் தள்ளுவார், முழங்கால் வலி மறுநாள் காலையில் தெரியும். 11-34 கேசட், அதாவது 11 முதல் 34 பல் வரை உள்ள பின்சக்கரப் பல்சக்கர அடுக்கு, கேட்டு வாங்குங்கள். அதைப் பார்த்து அங்கே யாரும் சிரிக்க மாட்டார்கள்.

முதல் இரண்டு கிலோமீட்டரில் பக்கத்தில் போகிறவரைத் துரத்துவதும் இதே வகைத் தவறுதான். தொடக்கத்தில் பேச முடிகிற அளவுக்கு மூச்சு இருக்கட்டும். பாதிக்கு மேல் வேகத்தைக் கூட்டிக்கொள்ளலாம்.

இறக்கத்தில்

ஏறும்போது கால் கொடுத்த ஆற்றல் அத்தனையும் இறங்கும்போது வெப்பமாகத்தான் வெளியேற வேண்டும். 85 கிலோ 670 மீட்டர் இறங்கினால் ஏறக்குறைய 560 கிலோஜூல். வேகமாகப் போனால் அதில் பெரும்பங்கைக் காற்று எடுத்துக்கொள்ளும். பயந்து, பிரேக்கை மெல்லப் பிடித்தபடியே கீழே வரை வந்தால் பெரும்பங்கு பிரேக்குக்குத்தான் போகும். ரிம் பிரேக் சைக்கிளில் ரிம் கொதித்து, உள்ளே டியூப் வெடிக்கவும் கூடும். கார்பன் ரிம் இளகிப் போகவும் கூடும். டிஸ்க் பிரேக் இந்த அளவுக்கு மோசமில்லை. ஆனாலும் தொடர்ந்து உரசினால் பிரேக் பேட் பளபளத்துப் பிடிப்புக் குறையும், கீச்சிடத் தொடங்கும்.

செய்ய வேண்டியது இது: நேர்ப்பாதையில் பிரேக்கை விட்டுவிடுங்கள். வளைவுக்கு முன்னால், சைக்கிள் நிமிர்ந்திருக்கும்போதே, இரண்டு பிரேக்கையும் அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, பிடியை விட்ட பிறகு திரும்புங்கள். வளைவுக்குள்ளே முன் பிரேக்கை அழுத்தினால் சக்கரம் வழுக்கும். வெளிப்பக்கக் கால் கீழே, கண் வளைவு முடியும் இடத்தில். கைகள் ஹேண்டிலின் கீழ்வளைவில் இருந்தால் விரலுக்கு வலு கிடைக்கும்.

கையைப் பற்றி இன்னொன்று. இந்தியாவில் வலக்கை லீவர் முன் பிரேக். ஸ்பெயினில் வாடகைக்குக் கிடைப்பவற்றில் பொதுவாக இடக்கைதான் முன் பிரேக். எதிரே ஆடு பாய்ந்தால் மூளை யோசிக்காது, பழகிய கைதான் பிடிக்கும். ஆடுகள் இங்கே நிஜமாகவே பாயும். ஹைட்ராலிக் பிரேக்கை மாற்றிப் பூட்டக் கடைக்கு நேரம் பிடிக்கும். எனவே முன்பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். மாற்ற முடியாவிட்டால் முதல் நாளைச் சமதளத்தில் பிரேக் பிடித்துப் பழகுவதற்கு ஒதுக்குங்கள்.

வலப்பக்கம் ஓட்டுவதும் அப்படித்தான். தமிழ்நாடு, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், லண்டன் எங்கிருந்து போனாலும் நமக்கு இடப்பக்கமே பழக்கம். நெரிசலில் தவறு நடப்பதில்லை, மற்ற வண்டிகள் வழிகாட்டிவிடும். காலிச் சாலையில் படம் எடுக்க நின்றுவிட்டு மறுபடி ஏறும்போதுதான் கால் தானாக இடப்பக்கம் போகிறது. அடுத்த வளைவில் கார் வருகிறது. ரவுண்டானாவிலும் இடஞ்சுழியாகச் சுற்ற வேண்டும்.

எந்தத் திசையில் போவது என்று முடிவெடுக்கவும் இது உதவும். மலைத்தொடர் நெடுக ஓடும் மா-10 சாலையில் அந்த்ராச் ஊரிலிருந்து வடகிழக்கே போனால் கடல் இடப்பக்கம், நீங்கள் மலைச்சுவரை ஒட்டி இருப்பீர்கள். எதிர்த்திசையில் பள்ளத்தின் விளிம்பு உங்களுடையது. உயர பயம் உள்ளவர்கள் முதல் திசையையே எடுக்கட்டும். அந்த்ராச்சில் இரண்டு பாட்டிலையும் நிரப்பிக்கொள்ளுங்கள். எஸ்தெயென்க்ஸ் ஊர் வரை 20 கிலோமீட்டரில் கடையை நம்ப முடியாது. தெயா, வல்தெமோசாப் பகுதியில் கடை நிறைய, கார்களும் நிறைய.

சோயர் ஊருக்குத் தெற்கே போகும்போது கார்களுக்கான வழிகாட்டிச் செயலியை நம்பாதீர்கள். அது மா-11 சுரங்கப்பாதையைக் காட்டும். மூன்று கிலோமீட்டர் நீளமான அதில் சைக்கிளுக்குத் தடை. பழைய கணவாய்ச் சாலைதான் வழி: 496 மீட்டர் உயரம், கார்கள் சுரங்கத்துக்குப் போய்விட்டதால் அமைதி. தீவிலேயே நிம்மதியான ஏற்றம் இதுதான் என்று சொல்லலாம்.

குளிர், ஈரம்

மார்ச்சில் கடற்கரையில் 18 டிகிரி இருக்கும்போது புச் மஜோர் மலைச் சாலையின் உச்சியில் ஐந்தாறு டிகிரி குறையும். அங்கிருந்து சோயருக்கு 14 கிலோமீட்டர் இறக்கம். வியர்வையில் நனைந்த சட்டையோடு மணிக்கு 50 கிலோமீட்டரில் இறங்கினால் விரல் விறைத்துப் பிரேக் பிடிக்க வராது. காற்றுப் புகாத மெல்லிய ஜாக்கெட், முழுவிரல் கையுறை இரண்டையும் உச்சிச் சுரங்கத்துக்கு முன்பே நின்று போட்டுக்கொள்ள வேண்டும். ஓடும் சைக்கிளில் கையை விட்டுப் போட வேண்டாம்.

மழை தூறினால் இங்கே பளபளத்துத் தேய்ந்த தார் சோப்பு போல வழுக்கும். மரநிழல் விழும் வளைவுகளில் பைன் ஊசியும் ஆட்டுப் புழுக்கையும் வேறு. 28 மில்லிமீட்டர் டயரில், 75 கிலோ எடை உள்ளவர் 70 பிஎஸ்ஐ காற்றழுத்தம் வைத்தால் போதும், ஈரமென்றால் ஐந்து குறையுங்கள். நூறு அடித்தால் வேகம் வருவதாகத் தோன்றுமே தவிர, டயர் சாலையில் துள்ளுகிறது என்பதுதான் உண்மை.

சாப்பாட்டில் ஒரே விதி: பசிக்கும் முன் சாப்பிடுங்கள். மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து, அரை முதல் முக்கால் லிட்டர் தண்ணீர். யூக் மடத்துக்கு அருகே, கோல் தெ சா பதாயாவில் உள்ள பெட்ரோல் பங்க்கில் நிரப்பிக்கொள்ளாமல் சா கலோப்ரா பக்கம் திரும்பாதீர்கள்.

சட்டத்தைப் பொறுத்தவரை ஊருக்கு வெளியே ஹெல்மெட் கட்டாயம், காதில் இயர்போன் கூடாது. இருவர் இணையாக ஓட்டலாம். ஆனால் எதிரே தெரியாத வளைவில் ஒற்றை வரிசைக்கு வந்துவிடுங்கள்.

ஃபோர்மென்தோர் முனையைச் 'சின்னப் பயணம்' என்று கடைசி நாளுக்கு ஒதுக்குபவர்கள் உண்டு. பொயென்சா துறைமுகத்திலிருந்து கலங்கரை விளக்கம் போய்வர 40 கிலோமீட்டருக்குள்தான். ஆனால் சாலை ஏறி, இறங்கி, மறுபடி ஏறுவதால் மொத்த ஏற்றம் 800 மீட்டரைத் தாண்டும். திரும்பும்போதும் ஏற்றம் காத்திருக்கும். வடக்கிலிருந்து திரமுந்தானாக் காற்று வீசும் நாளில் மலைமுகட்டில் மறைவே இல்லை. ஆழமான ரிம் உள்ள சக்கரம் பக்கக்காற்றில் பாய்மரம் போல இழுக்கும், அன்று போகாமல் இருப்பதே மேல். கோடையில் பகலில் தனியார் கார்களுக்குக் கட்டுப்பாடு உண்டு, சைக்கிளுக்குக் கிடையாது. ஆனால் வெயிலுக்குத் தப்ப, காலையிலேயே போய்விட வேண்டும். வழியில் விளக்கில்லாத சுரங்கம் ஒன்று வரும். கண் கூசும் வெளிச்சத்திலிருந்து கறுப்புக் கண்ணாடியோடு நுழைந்தால் சில நொடிகள் எதுவுமே தெரியாது, தரையில் குழி இருந்தாலும் தெரியாது. நுழையும் முன் வேகத்தைக் குறைத்து, கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, பின்விளக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.