வீடியோ கேம் கலையா? ஆளுக்கு 5 நிமிடம் கொடுத்துப் பாருங்கள்

திருகோணமலையில் ஒரு வாசகர் வட்டம் இந்தக் கேள்வியை எடுத்தால், பாதிப் பேர் கேமே தொட்டிராதவர்கள். மற்றவர்கள் கிராஃபிக்ஸ் பற்றியே பேசி முடிப்பார்கள். அதனால் முதலில் விளையாட்டு, பிறகுதான் பேச்சு.

ஜேசன் ரோரர் 2007இல் செய்த 'பாசேஜ்' என்ற கேம் இதற்குப் பொருத்தம். இலவசம், பழைய லப்டொப்பிலும் ஓடும், 5 நிமிடத்தில் முடியும். பத்துப் பேருக்கு, ஆள் மாறும் நேரத்தோடு, ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள்.

புரொஜெக்டர் வேண்டாம். படமே 100க்கு 16 பிக்சல்தான். 6 அடி அகலத்துக்கு விரித்தாலும் உயரம் ஒரு அடியைத் தாண்டாது. அதோடு, ஒருவர் ஆட மற்றவர்கள் பார்த்தால் சினிமாக் கொட்டகை ஆகிவிடும். ஒரு லப்டொப், ஒரு ஹெட்போன், சுவரைப் பார்த்த மேசை. மற்றவர்கள் விறாந்தையில் பிளேன்ரீ குடிக்கட்டும். பொழுதுபட்ட பிறகு தொடங்கினால் திரையில் வெளிச்சம் அடிக்காது. கரண்ட் போகலாம், முழுச் சார்ஜ் ஏற்றி வையுங்கள்.

அம்புக்குறிப் பட்டன்களால் நடக்கலாம் என்பதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லாதீர்கள். தொடக்கத்திலேயே ஒரு பெண் நிற்பாள். அவளைத் தொட்டால் இருவரும் சேர்ந்தே நடப்பார்கள். ஆனால் புள்ளிக்கான பெட்டகங்கள் சில, ஒடுங்கிய சந்துகளுக்குள் இருக்கும். தனியாள் நுழையலாம், இருவர் நுழைய முடியாது. இதை யாரும் எழுதிக் காட்டுவதில்லை. பட்டனை அழுத்தியும் உருவம் நகராதபோது விரலுக்குத்தான் முதலில் விளங்கும். போகப்போக முடி நரைக்கும், அவள் இறப்பாள், அதன்பின் நடை தளரும்.

எல்லோரும் ஆடிய பிறகு "எப்படி இருந்தது?" என்று கேட்டால் "நல்லாயிருந்தது" என்பதோடு பேச்சு படுத்துவிடும். "சந்தில் முட்டினபோது என்ன நினைச்சீங்கள்?" என்று கேளுங்கள்.

வாதத்தில் இரண்டு இடங்கள் வழுக்கும். நியூயோர்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 2012இல் 14 கேம்களைச் சேர்த்ததை யாராவது நிச்சயம் எடுத்துவிடுவார்கள். சேர்த்தது கட்டடக்கலை, வடிவமைப்புப் பிரிவு. அதை மட்டும் வைத்துக் 'கலை' என்று தீர்ப்பெழுத முடியாது. ஆடுபவர் கையில் கேம் மாறுகிறதே, அப்போது படைத்தவர் யார் என்பது அடுத்தது. கூத்தும் களரிக்குக் களரி மாறுகிறது, அதைப் பழக்கிய அண்ணாவியார் இல்லாமலா போய்விட்டார்? சினிமா விமர்சகர் ரோஜர் ஈபர்ட் 2010இல் வைத்த வாதம் இதைவிடக் கனமானது: கேமில் வெல்லலாம், கலையை வெல்ல முடியாது. அதற்கு அரை மணித்தியாலமாவது கொடுங்கள்.

"எனக்குத்தான் கூடப் புள்ளி" என்று ஒருவர் சொல்வார். யாரோடு நடந்தார் என்று அவரைக் கேளுங்கள்.